முத்துத்துறையின் பிள்ளைப்பருவம்: எழுதியவையும் எழுதாதவையும்

பிறந்த ஊரையும் வளர்ந்த வீட்டையும் நினைந்து வசனத்தில் எழுதிவைக்கும் வழக்கம் தமிழில் காலந்தாழ்ந்தே தோன்றியது. தோன்றிய பின்னும் அது பெரும்பாலும் வயலும் ஆறும் கரிசலும் சார்ந்த உள்நாட்டிலேயே வேரூன்றியது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்து, அவர் மறைவுக்குப் பின் 1950-இல் நூலுருப் பெற்ற 'என் சரித்திரம்', தன் முதல் அத்தியாயத்தை உத்தமதானபுரத்துக்கே ஒதுக்கியது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரோ அத்தொடர் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1910-இல், தம் இளமையைச் செய்யுளில் சொல்லிவிட்டார். இடைசெவல் கி. ராஜநாராயணனின் கையில் கரிசல் காடு முழுவதுமே ஞாபகசக்தி பெற்றுப் பேசியது. பாமாவின் 'கருக்கு' 1992-இலும், ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002-இலும் வெளிவந்தபோது, கிராமத்துப் பிள்ளைப்பருவம் என்பது எல்லோருக்கும் இனிய பிராயமன்று என்ற உண்மையும் இலக்கியத்தில் இடம்பெற்றது. ஆனால் வேம்பாரில் தொடங்கி வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை வழியாக மணப்பாட்டில் முடியும் முத்துத்துறைக் கரையின் ஏழு கடற்றுறைப் பிள்ளைகள் தங்கள் பால்யத்தைத் தங்கள் வாயாலேயே சொன்ன நூல்களைத் தேடப்புகுந்தால், அவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருக்கின்றன.

இத்தனைக்கும் இக்கரைச் சிறுவர்களைப் பற்றிய எழுத்து, உள்நாட்டுச் சிறுவர்களைப் பற்றியதைக் காட்டிலும் மிகப் பழமையானது. 1542-இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், தெருத்தெருவாக மணியடித்துச் சென்று பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் கற்பித்தவர்; அவர் 1544-இன் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், இப்பிள்ளைகள் தமக்கு உண்ணவும் உறங்கவும் அவகாசம் தராமல் ஜெபம் சொல்லித்தரும்படி நச்சரித்ததையும், நோயுற்றோர் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அவர்களையே அனுப்பியதையும், தாய்தந்தையரோடு அவர்கள் வாதாடியதையும் விஸ்தாரமாக விவரிக்கிறார். நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மீனவச் சிறுவர்கள் இவ்வளவு உயிரோட்டத்துடன் எழுத்தில் எழுந்து நிற்பது அபூர்வமே. எனினும் அந்தச் சித்திரத்தில் அவர்கள் ஜெபிக்கும் பிள்ளைகளாக மட்டுமே தென்படுகிறார்கள். என்ன உண்டார்கள், எந்த வயதில் கட்டுமரம் ஏறினார்கள், தகப்பன் திரும்பாத இரவில் வீடு எப்படி இருந்தது என்பவற்றுக்கு அதில் விடையில்லை. அது சவேரியாரின் குற்றமன்று. அவர் எழுதியது தம் திருப்பணியின் அறிக்கை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'மும் 1586-இல் வந்த 'அடியார் வரலா'றும் சவேரியாருக்குப் பின் இங்கே பணியாற்றிய அண்டிரிக் பாதிரியார் இம்மக்களுக்காகவே உருவாக்கியவை. தமிழ் எழுத்து அச்சேறிய அக்காலத்திலேயே நூல் பெற்ற சமூகம், தன் வீட்டுக் கதையை அச்சேற்றச் சற்றேறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் காத்திருந்தது என்பது எனக்கு வியப்பாகவே தோன்றுகிறது.

அக்கதை வந்தபோதும் நாவலாகத்தான் வந்தது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இலும், ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க்கரையில்' அதற்கு அடுத்த ஆண்டும் வெளிவந்தன. இருவரும் கடற்குடியிற் பிறவாதவர்கள், ஆனால் பரிவோடு பார்த்தவர்கள். உவரியிற் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் 'ஆழி சூழ் உலகு' எழுதியபோதுதான் கரையின் பேச்சு உள்ளிருந்து கேட்டது. 2009-இல் வந்த அவரது 'கொற்கை' 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. குமரிக் கடற்கரையின் வறீதையா கான்ஸ்தந்தின் நெய்தல் வாழ்வைக் கட்டுரைகளாக எழுதிவருகிறார். இவற்றின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாவலாசிரியன் ஞாபகத்தைக் கதைக்குப் பொருந்த வளைக்கும் சுதந்திரம் உடையவனாதலால், ஒரு குடும்பத்தின் உள்ளபடியான சரித்திரத்துக்கு நாவல் ஈடாகாது. பெண்கள் எழுதிய நினைவுகள் இக்கரையில் ஏறக்குறைய இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேம்பாரின் நிலைமை இன்னும் ஒருபடி கீழே. ஏழு துறைகளில் வடகோடியிலுள்ள இவ்வூரில் கடலும் பனங்காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. கருப்பட்டிக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில், பருவம் வந்ததும் பனையேறிகள் குடும்பத்தோடு பனங்காட்டுக் குடிலான விடிலிக்குக் குடிபெயர்ந்து, பிள்ளைகளும் பதநீர் காய்ச்சும் அடுப்புக்குப் பனையோலை பொறுக்கும் வாழ்க்கை ஒருபுறம். வலையும் சங்கும் மறுபுறம். இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்ன ஒரு பால்ய சரித்திரத்தை நான் கண்டதில்லை. உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய வேம்பார்த் தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய பின் அங்கே போவது தடைப்பட்டதால், தகப்பனோடு தீவுக்குப் போய்வந்த அனுபவம் அதற்கு முந்திய தலைமுறைக்கே உரியதாயிற்று. அதுபோலவே தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-இல் நடந்து முடிந்தது. அதன் வரவுசெலவையும் சிப்பிகளின் தொகையையும் அரசாங்க அறிக்கைகளில் காணலாம். கரையில் நின்று அதைப் பார்த்த சிறுவனின் ஞாபகம் எந்த அறிக்கையிலும் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழிக்கு அயல்நாட்டைப் பார்க்கலாம். ஆங்கில நாட்டிலும் கிராமத்து நினைவெழுத்து ஒரே பாதையில் வளர்ந்ததன்று. ஸ்லாட் என்னும் சிற்றூரில் தாம் வளர்ந்த விதத்தை லாரி லீ 1959-இல் கவித்துவம் ததும்ப எழுதினார். அந்நூல் பெற்ற கீர்த்தி பெரிது. ஆனால் நமக்குப் பயன்படும் முன்மாதிரி அவரல்லர், ஜார்ஜ் ஈவார்ட் எவன்ஸ் என்பதே என் அபிப்பிராயம். வேல்ஸ் நாட்டவரான அவர், மனைவி பள்ளி ஆசிரியையாகப் பணியேற்ற சஃபோக் மாவட்டத்து பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறி, அண்டைவீட்டு முதியவர்கள் குதிரை ஏர் பூட்டிய காலத்தைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்டுக் குறித்து 1956-இல் நூலாக்கினார். எழுதத் தெரிந்த ஒருவன் பிறந்து வளர்ந்து பெரியவனாகும்வரை அக்கிராமம் காத்திருக்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒருவர் போதுமாயிருந்தார்.

கடைசிச் சலாபம் நடந்த 1961-இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஆகையால் வேம்பாரிலும் பிற துறைகளிலும் உள்ள பள்ளி ஆசிரியர்களும் பங்குத் தந்தையரும் கல்லூரி மாணவர்களும், ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைத் துணையாக வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை, பாட்டிமார்களுடையவற்றை முதலில், அவர்கள் பேசும் பாஷையிலேயே இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.