சுழற்றினால் எது போகும், எது போகாது

வடை பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சுத்தம் பண்ணி டீசல் எஞ்சினை ஓட்டிவிடலாம் என்ற ஆசைக்கு வயது நூறுக்கு மேல். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. அது புது எண்ணெய். சென்னையில் நம் கைக்குக் கிடைப்பதோ மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து வடைச் சட்டியிலும், பெசன்ட் நகர் கடற்கரை பஜ்ஜிக் கடையிலும், தி. நகர் ரங்கநாதன் தெரு ஓரத்திலும் நாலைந்து முறை காய்ந்து கறுத்த பாமாயில். மாவுத்தூள், கருகல், காய்கறியிலிருந்து இறங்கிய தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். இதைப் பிரித்தெடுக்க வீட்டிலேயே மையவிலக்கு இயந்திரம், அதாவது சென்ட்ரிஃபியூஜ், கட்டும் முயற்சி உலகின் பல ஊர்களில் நடக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் தன் வேலையை அருமையாகச் செய்கிறது. அந்த வேலை எங்கே முடிகிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அமைப்பு எளிது. உலோகக் கிண்ணம் ஒன்று மோட்டார் தண்டின் மேல் நிமிர்ந்து உட்காரும். அதன் வாயில் உள்பக்கமாக மடிந்த விளிம்பு. சூடான எண்ணெயைக் குழாய் வழியாக அடி மையத்தில் விட வேண்டும். கனமான தூளும் தண்ணீரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள, இலேசான எண்ணெய் விளிம்பைத் தாண்டி வெளி உறைக்குள் வழியும். சுவீடனின் குஸ்டாஃப் டி லாவல் 1878இல் பாலிலிருந்து ஆடை பிரித்ததும் இதே தத்துவத்தில்தான். ஸ்பிளெண்டர் பைக்கின் கிளட்ச் கவரைக் கழற்றிப் பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் இது தெரிந்த சங்கதி. எஞ்சின் ஆயிலின் அழுக்கைச் சுழற்றியே பிடித்து வைக்கும் சிறு வட்டு ஒன்று உள்ளே இருக்கும்.

இதன் பலத்தைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். 5 மைக்ரான் அளவுள்ள கருகல் துகள், சூடாக்காத எண்ணெயில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஓர் அடி ஆழமுள்ள டிரம் தெளிய ஒரு மாதம். அதே அளவு தண்ணீர்த் துளி இன்னும் மெதுவாக இறங்கும், ஏனென்றால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் எடை வித்தியாசம் குறைவு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓட்டினால் புவியீர்ப்பைப் போல் சுமார் 700 மடங்கு விசை கிடைக்கும். எண்ணெயை 70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால் அது நன்றாக இளகிவிடும். சுவரில் சில மில்லிமீட்டர் கனத்தில் படரும் எண்ணெயில் அந்தத் துகள் அரை நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். செலவும் அற்பம். 15 லிட்டர் டின் ஒன்றைச் சூடாக்கி, அரைக் குதிரைத்திறன் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மின்சாரம் ஒரு யூனிட்டைத் தாண்டாது. அந்த டின்னுக்குள் இருக்கும் எரிசக்தி சுமார் 140 யூனிட். துணி வடிகட்டி போல அடிக்கடி அடைத்துக்கொள்ளாது, மாற்ற வேண்டிய பாகமும் இல்லை. கிண்ணத்தை நிறுத்திச் சுரண்டினால் கையில் வரும் கருஞ்சாந்தைப் பார்த்தாலே போதும், இத்தனையும் ஒரு இன்ஜெக்டர் முனைக்குள் போயிருக்கும் என்பது விளங்கும்.

கட்டுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க வரைபடங்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 3,450 சுற்று மோட்டாருக்குப் போட்டவை. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். விசை, சுற்றின் இருமடியாக மாறுவதால் அதே கிண்ணம் இங்கே 30 சதவீதம் குறைவாகவே இழுக்கும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தது என்று 1,440 சுற்று மோட்டாரை மாட்டினால் விசை நாலில் ஒரு பங்கு. எண்ணெயை அதற்கேற்ப மெதுவாக விட வேண்டும். வேலை முடிந்ததா என்று பார்க்கக் காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் போதும். சடசடத்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. தெறிக்கும் என்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஆபத்தைப் பற்றி நீட்டிச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 20 சென்டிமீட்டர் கிண்ணத்தின் விளிம்பு 2,880 சுற்றில் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விளிம்பில் 10 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால் அது 9 கிலோ பாரமாகத் தண்டை இழுக்கும், நொடிக்கு 48 முறை திசை மாறி மாறி. ஒட்டுகிற கசடே சமமாக ஒட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தை வெல்டிங் வைத்துக் கிண்ணமாக்குவது உயிரோடு விளையாடுவது. ஒரே துண்டிலிருந்து லேத்தில் கடைந்தெடுத்து, பட்டறையில் டைனமிக் பேலன்சிங் செய்து, கனத்த இரும்பு உறைக்குள் வைத்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பிறகே ஸ்விட்சைத் தொட வேண்டும். அடையாறு ஃபிளாட் பால்கனி இதற்கு இடமே இல்லை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் வெளியே வருவது எரிபொருளாகிவிடாது. சுழற்சியில் போவது தூளும் தனித் தண்ணீரும் மட்டும். எண்ணெயில் கரைந்த ஈரம், பலமுறை காய்ந்ததால் பிறந்த கொழுப்பு அமிலங்கள், பிசினாகத் திரண்ட மூலக்கூறுகள் எல்லாம் அப்படியே தங்கும். டீசலைவிடப் பத்து மடங்கு பிசுபிசுப்பும் தங்கும். ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் காட்டாமணக்கு எண்ணெயை நேரடியாக எஞ்சினில் எரித்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட முடிவுகளில், திறன் டீசலைவிடக் குறைந்தது, புகை கூடியது. அதுவும் வடைச் சட்டியைப் பார்க்காத எண்ணெய். பழைய, மெதுவாக ஓடும் கிர்லோஸ்கர் வகை எஞ்சின் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 காரின் காமன் ரெயில் பம்ப் பொறுக்காது. மார்கழியில் கலங்கிக் கெட்டியாகும் பாமாயில் வேறு வடிகட்டியை அடைக்கும்.

முறையான வழி அதை பயோடீசலாக மாற்றுவது. இந்தியத் தர அளவு ஐ.எஸ். 15607 அதில் 10 லட்சம் பங்குக்கு 500 பங்குக்கு மேல் தண்ணீரை அனுமதிப்பதில்லை. மாற்ற மெத்தனால் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைப் பறித்த அதே மெத்தனால். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம், அப்படி இருப்பதே சரி. எனவே வீட்டு முயற்சி சென்ட்ரிஃபியூஜோடு நின்றுவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது எஞ்சின் இல்லை, சமையலறை. கருகலும் கலங்கலும் நீங்கிய எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். எண்ணெய் கெட்டதை அளக்கும் துருவச் சேர்மங்களில் ஒரு துளியும் குறைந்திருக்காது. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடைக்காரரோ வாங்குகிறவரோ கையில் கருவி வைத்துக்கொண்டு அளப்பதில்லை. நிறத்தையும் கலங்கலையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கலங்கலை நீக்கித் தரும் இயந்திரம் தவறான கையில் கிடைத்தால், பெரிய கடையில் கழித்த எண்ணெய் சின்னக் கடைச் சட்டிக்கு மறுபடி வந்து சேரும். வீட்டு சென்ட்ரிஃபியூஜின் மிகப் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன். எரிபொருள் ஆர்வலர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய சமையல் எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ரூகோ திட்டம் 2018 ஆகஸ்டில் வந்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்றவர்களிடமே பழைய எண்ணெயைத் தர வேண்டும் என்பது 2019 மார்ச் முதல். அதே ஆண்டு ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள், இதிலிருந்து வரும் பயோடீசலை முதல் ஆண்டுக்கு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்க 100 நகரங்களில் அழைப்பு விட்டன. நல்ல ஏற்பாடு, ஆனால் பெரிய கடைகளுக்கானது. ஒரு நாளில் இரண்டு லிட்டர் மிஞ்சும் தள்ளுவண்டிக்காரருக்கு 50 லிட்டர் விதி பொருந்தாது. அவருடைய எண்ணெய் அடுத்த நாள் சட்டிக்குப் போகும், இல்லையென்றால் சாக்கடைக்குப் போய்க் குழாயை அடைக்கும்.

சென்ட்ரிஃபியூஜுக்கு உரிய இடம் இங்கேதான் இருக்கிறது. வார்டுக்கு ஒன்று, பட்டறைத் தரத்தில், பயிற்சி பெற்றவர் கையில். தரமணி பாலிடெக்னிக் மாணவர்களால் கடைந்து பேலன்ஸ் செய்ய முடியாத வேலை ஒன்றுமில்லை இது. தள்ளுவண்டிகளின் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, தூளும் தண்ணீரும் நீக்கி, பயோடீசல் ஆலைக்கு அனுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்தது போல, கிண்ணத்திலிருந்து வழிந்த நிமிடமே இந்த எண்ணெயிலும் சாயம் கலந்துவிட வேண்டும். ஆலைக்கு இடைஞ்சல் தராத சாயம் எது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே அறிவித்து, அதைச் சட்டமாக்கட்டும். அதுவரை வீட்டில் கட்டுகிறவர்கள் தெளிந்த எண்ணெயை யாருக்கும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள்.