காரணம் தெரிந்த பிறகும்

பீகாரின் முசாஃபர்பூரில் லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். இரவு நன்றாகப் படுத்த குழந்தைக்கு விடியற்காலையில் வலிப்பு வரும். பிறகு நினைவு தப்பும். 1995 முதலே இதுதான் கதை. மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், தோப்பில் அடித்த பூச்சிமருந்து என்றார்கள்.

2014 கோடையில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியும் அங்கே விசாரணையில் இறங்கின. 2012-ல் தொடங்கிய இந்திய ஈ.ஐ.எஸ். என்ற களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டத்தைச் சேர்ந்தவர்களும் அந்த விசாரணையில் இருந்தார்கள். நோய் கண்ட 104 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்திருந்த, அதே வயதுள்ள 104 குழந்தைகளை அவர்களோடு ஒப்பிட்டார்கள். இரு தரப்பு வீட்டாரிடமும் ஒரே கேள்விகள்: பிள்ளை லிச்சி தின்றதா? இரவு சாப்பிட்டதா? நோயுற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் லிச்சி தின்றிருந்தார்கள். இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது. லிச்சியில் உள்ள இரண்டு நச்சுகள் உடல் தானாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கின்றன. வெறும் வயிற்றில் உறங்கும் மெலிந்த குழந்தைக்கு விடிவதற்குள் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. (வேலூரின் டி. ஜேக்கப் ஜானும் லக்னோவின் முகுல் தாஸும் லிச்சியின் பக்கம் ஏற்கெனவே கை காட்டியிருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அந்த ஆண்டு இந்த நோயோடு 390 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். பிள்ளைக்கு இரவு உணவு கட்டாயம் கொடுங்கள், மருத்துவமனைக்கு வந்த உடனே சர்க்கரை அளவைப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே குழுவின் பரிந்துரை. அடுத்த ஆண்டு சாவு வெகுவாகக் குறைந்தது.

களத் தொற்றுநோயியல் பயிற்சிக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1951-ல், உயிரி ஆயுதப் போர் வருமோ என்ற அச்சம் நிலவிய காலத்தில், அலெக்சாண்டர் லாங்முயர் அமெரிக்காவில் தொடங்கியது இந்தப் பயிற்சி. அடி தேய்ந்து ஓட்டை விழுந்த காலணிதான் அதன் சின்னம். நம் சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. வகுப்பில் உட்காரும் நேரம் குறைவு. யாரை நோயாளி என்று எண்ணுவது, எந்தத் தெருவில் எந்த நாளில் எத்தனை பேர் என்று எப்படிப் பட்டியல் போடுவது, எந்தச் சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுத் தருகிறார். புத்தகம் தராத பழக்கம் இது.

ஆனால் 2019 கோடையில் அதே முசாஃபர்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மீண்டும் இறந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது ஐந்து ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. சாயங்காலம் வீடு வீடாகப் போய் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்க ஆள் இருந்ததா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோமீட்டர் இருந்ததா? அந்தக் கேள்விகளை ஆண்டுதோறும் கேட்கக்கூடிய ஒருவர் அந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் பெரிய ஓட்டை இதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். பரிந்துரையை நடத்திக்காட்டும் அதிகாரம் பயிற்சியோடு வருவதில்லை. பயிற்சி முடித்து ஊர் திரும்பும் மருத்துவரைத் துறை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறையும் தனிப் பணியாளர் பிரிவும் பல்லாண்டுகளாக இருக்கின்றன. பல மாநிலங்களில் அது இல்லை. எல்லா மாநிலங்களிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையே சொன்னது. அது அமையாமல் ஆட்களை மட்டும் பயிற்றினால், பயிற்சி பெற்று வந்த நல்ல மருத்துவர் கையில் ஓர் அறிக்கைதான் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்வேன். இரண்டாண்டுப் பயிற்சி அதிகம் கவனம் பெறுகிறது. மாவட்டப் பணியாளர்களுக்கான மூன்று மாத முன்களப் பயிற்சி போதிய கவனம் பெறவில்லை. முதல் வலிப்பைப் பார்ப்பவர் டெல்லியில் இல்லை, அந்தக் கிராமத்தில் இருக்கிறார். நிதி எங்கே முதலில் போக வேண்டும் என்று கேட்டால் அவரைத்தான் காட்டுவேன்.

இரண்டு லட்சம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற தொற்றுநோயியலாளர் என்பது உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. 2011 கணக்கெடுப்பில் முசாஃபர்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 48 லட்சம். அந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 24 பேர் வேண்டும்.