வாய்தா நாளின் கூலி

சிவகாசியில் தினசரிக் காலண்டருக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கிழித்த தாள்களில் சிலவற்றை மட்டும் தூக்கிப் போடாமல் ஒரு பழைய மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் இரண்டு வரி: பஸ்ஸுக்கு இவ்வளவு, கூலி போனது இவ்வளவு. அவர் பயர் ஆபீஸில் சரவெடி பின்னுகிறவர். பின்னிய கணக்குக்குத்தான் கூலி. போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பதினொன்றும் மகளின் வழக்குக்காகப் போன நாட்கள். “யக்கா, தீர்ப்பு வந்தா இதையும் சேத்துக் கேக்கலாமா?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் குழந்தையின் வயதையோ, ஊரையோ, வழக்கு நடந்த ஆண்டையோ இங்கே எழுதப்போவதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் எழுதியிருக்கமாட்டேன். எழுத வேண்டியது, அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் இருந்த கணக்கைப் பற்றித்தான். ஏனென்றால் அரசாங்கமும் இதே வழக்குகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது எதில் விடுபட்டிருக்கிறது என்று தெரிகிறது.

அரசின் கணக்கு சின்னதல்ல. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகள் பெருகுவதையும் தேங்குவதையும் கண்டு 2019இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நூறுக்கு மேல் போக்சோ வழக்குகள் உள்ள மாவட்டங்களில் மத்திய அரசின் நிதியில் தனி நீதிமன்றம் அமைக்க அந்த ஜூலையில் உத்தரவிட்டது. அக்டோபரில் விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டம் தொடங்கியது. திட்டமிட்டவை 1,023 நீதிமன்றங்கள். அவற்றில் 389 போக்சோவுக்கு மட்டுமானவை. முதலில் ஒதுக்கிய தொகை 767.25 கோடி ரூபாய். 2026 மார்ச் வரை நீட்டித்தபோது 1,952.23 கோடி. அதில் மத்திய அரசின் பங்கான 1,207.24 கோடியும் நிர்பயா நிதியிலிருந்து வருகிறது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்காகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகு 2013 பட்ஜெட்டில் பிறந்த நிதி அது. அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒரு திட்டத்தையும் கதையை வாசிப்பதுபோல வாசிக்கலாம். யார் வருகிறார்கள், யாருக்குச் சம்பளம், யாரைப் பற்றிப் பேச்சே இல்லை, எதை வெற்றி என்கிறது? இந்தத் திட்டத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாய். அதில் ஒரு நீதிபதி, ஏழு பணியாளர்கள். வெற்றிக்கான அளவுகோல்: ஒவ்வொரு நீதிமன்றமும் ஆண்டுக்குக் குறைந்தது 165 வழக்குகளை முடிக்க வேண்டும். முடிக்க வேண்டும், அவ்வளவுதான். தண்டனையில் முடிந்தாலும் வழக்கு முடிந்ததுதான். தாய் பிறழ்சாட்சியாகி எதிரி விடுதலையானாலும் முடிந்ததுதான். 165இல் இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

தாய் ஏன் பிறழ்சாட்சி ஆகிறாள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், சில சமயம் அப்பா. எங்கள் பகுதியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: அட்வான்ஸ் கொடுத்தவர், வேலைக்குச் சேர்த்துவிட்டவர். ஒவ்வொரு வாய்தாவும் தள்ளிப்போகும்போது, ‘பேசி முடிச்சிருவோம்’ என்பவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கிறது. மிரட்டல்கூடத் தேவையில்லை. கூலி போன நாட்களே அவர்களுக்காகப் பேசும்.

விருதுநகர் மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பட்டாசுத் தொழில் சிவகாசியையும் வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் சுற்றிப் பரந்து கிடக்கிறது. புகார் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில். ஆட்சியர் அலுவலகமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் விருதுநகரில். மாவட்ட நீதிமன்றமும் போக்சோ தனி நீதிமன்றமும் ஸ்ரீவில்லிபுத்தூரில். தடய அறிவியல் ஆய்வகமும் உயர் நீதிமன்றக் கிளையும் மதுரையில். வழக்கு என்பது ஒரு கோப்பு. அது தபாலில் போகும். குழந்தை பஸ்ஸில் போகிறாள், கூடவே கூலியை விட்டுவிட்டு ஒரு பெண் போகிறாள்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. 2012இன் போக்சோ சட்டத்தில் நல்ல வரிகள் பல உண்டு. வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். 2020இன் போக்சோ விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வழக்கு முடியும்வரை குழந்தையோடு துணைநபர் ஒருவர் இருக்கலாம். அவருடைய ஊதியம் திறன்மிக்க தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும்.

போக்குவரத்து என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. பதினொரு தாள்களிலும் முதல் வரியாக இருந்தது அதுதான். அந்தத் தாயிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது எனக்கும் தெரியாது. ஊருக்குள் நாலு எழுத்துப் படித்தவள் என்று என்னிடம் வந்த ஒருவருக்கு, எட்டாவது விதியைப் படித்துச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும்.

சொல் இருந்தும் பணம் ஏன் வரவில்லை? இங்கேதான் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. நீதிபதிக்கும் ஊழியர்களுக்கும் பெயர் சொல்லி, தொகை சொல்லி ஒதுக்கீடு இருக்கிறது. துணைநபருக்கும் பஸ் கட்டணத்துக்கும் வேறு பை: சிறார் நீதி நிதியிலிருந்தோ, மாவட்ட அலகின் கையில் இருக்கும் நிதியிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. ஒன்று பட்ஜெட், மற்றது ‘இருந்தால் பார்ப்போம்’. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, துணைநபர் நியமனத்தை விருப்பம்போல விட்டுவிட முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு.

தாயின் கூலியோ எந்தப் பையிலும் இல்லை. குறுக்கு விசாரணையில் மட்டும் அது வந்துவிடுகிறது: ‘நீ வேலைக்குப் போனபோது குழந்தையை யாரிடம் விட்டாய்?’ குழந்தையை அவமதிக்கும் கேள்விகளைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு தடுக்கிறது. தாய்க்கு அந்த நிழல் இல்லை. வேலைக்குப் போனால் கவனிக்காதவள். போகாவிட்டால் வாய்தாவுக்குப் பஸ் கட்டணம் இல்லாதவள்.

குழந்தைகளுக்கான நிதி என்பது சிவகாசிக்குப் புதிதல்ல. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து எம்.சி. மேத்தா 1986இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போகும்வரை அதன் வட்டி குடும்பத்துக்கு. அது எவ்வளவு நிறைவேறியது என்பது தனிக் கதை. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: கூலி வீட்டில் குழந்தையைக் காப்பாற்றுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை அந்த வீட்டின் தலையிலேயே கட்டினால் குழந்தை திரும்பவும் பழைய இடத்துக்கே போகும்.

அன்று தீப்பெட்டிக் கட்டு ஒட்டிய சிறுமிகள் இன்று தாய்மார்கள், பாட்டிகள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு அநியாயம் நடந்தால், 1996இல் ஒப்புக்கொண்ட அதே உண்மையை இன்றைய திட்டம் மறந்துவிடுகிறது.

நீதிமன்றங்களுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நான் சொல்லவில்லை. தனி நீதிமன்றம் வேண்டும். நீதிபதி இல்லாமல் தீர்ப்பு வராது. தாய்க்குக் கூலி கொடுத்தால் பொய் வழக்குகள் பெருகும் என்பார்கள். சாட்சிக்குப் படி கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல; சாட்சிகளின் நியாயமான செலவை அரசு கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. ஒருநாள் கூலிக்காக மகளின் பெயரைக் காவல் நிலையத்தில் எழுதிவைக்கும் தாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேறு வழியும் உலகத்தில் இருக்கிறது. ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பொருள்படும் பர்னாஹுஸ் தொடங்கப்பட்டது. விசாரணை, மருத்துவப் பரிசோதனை, மனநல உதவி எல்லாம் ஒரே கூரையின்கீழ். அதிகாரிகள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வருகிறார்கள். குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைவதில்லை. பணம் எங்கே போகிறது என்பதைவிட, யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதை மாற்றிய ஏற்பாடு அது.

நம் மாவட்டத்துக்கு ஐஸ்லாந்து வேண்டாம். மூன்று வரி போதும். ஒவ்வொரு போக்சோ நீதிமன்றத்தின் 75 லட்சத்தோடும், குழந்தையின் பயணத்துக்கும் துணைநபருக்கும் கூட வருபவரின் கூலிக்கும் தனித் தலைப்பில் பணம். முதல் தகவல் அறிக்கையின் நகலோடு எட்டாவது விதியும் தமிழில், ஒரு பக்கத்தில். ஆண்டறிக்கையில், முடித்த வழக்குகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஒரு வழக்குக்காகக் குழந்தை எத்தனை நாள் அலைந்தாள் என்ற எண்.

அந்தக் கடைசி எண்ணை இன்று அரசு கேட்பதில்லை. கேட்டால், பதினொன்று என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவர் தாளோடு தயாராக இருக்கிறார்.