பாறை ஏற்றிய அன்பு

சித்தேரி மலைப்பாதையின் ஏற்றத்தில் முனகும் பழைய ஜீப்பை, "ஏறு தாயே" என்று ஓட்டுநர் கெஞ்சக் கேட்ட நமக்கு, ரித்விக் கட்டக் 1958இல் இயக்கிய ‘அஜாந்த்ரிக்’ என்னும் வங்காளத் திரைப்படம் அந்நியமாகத் தோன்றவில்லை. சோட்டா நாகபுரியில் வாடகைக் கார் ஓட்டும் பிமல், ‘ஜகத்தல்’ என்னும் பழைய அமெரிக்கச் செவ்ரோலெட்டையே உறவாகக் கொண்டு வாழ்கிறான். ரேடியேட்டரில் நீர் வார்த்தால், கார் தாகத்தோடு குடிக்கும் ஒலி கேட்கிறது.

ஒராவோன் பழங்குடியினரின் ஆடற்காட்சிகள் கதையோடு முற்றும் ஒட்டாமை ஒரு குறையே. எனினும் படத்தின் உள்ளுயிர் வேறிடத்தில் உள்ளது.

கார் பழுதுபடவே, சேமிப்பையெல்லாம் செலவிட்டு அதைச் செப்பனிடுகிறான் பிமல். இது பொருள்மீது கொண்ட சிலைவழிபாடு என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவன் பிழை வேறு. செப்பனிட்ட காரை நம்பாமல், பாறைகளை ஏற்றிச் சோதிக்கிறான், அது ஓய்ந்துவிடுகிறது. மன்னித்து ஏற்றவர்மீது மறுநாளே சுமையேற்றிச் சோதிக்கும் நம் இல்லங்களின் கதையன்றோ இது!

இறுதியில், பழைய இரும்பாய் விலைபோன காரின் ஹாரனைக் குழந்தையொன்று ஒலிக்க, பிமல் கண்ணீரினூடே புன்னகைக்கிறான். அதனை உயிர்ப்பு என்று கூற நாம் துணியோம். ஆயினும், செய்த அன்பு வீண்போகவில்லை என்பதற்கு அவ்வொலியே சான்று.