உப்புக் கணக்குக்கு ஒரு டேபிள் ஸ்டைல்

மரக்காணம் உப்பளத்தின் ஒரு பருவக் கணக்கை அச்சுக்குக் கொண்டுபோக உட்கார்ந்தால், வருவதெல்லாம் ஒரே சாயல் அட்டவணைகள்தான். பாத்தி எண், நீரின் உப்படர்த்தி டிகிரி, உப்பு வாரிய தேதி, மூட்டை, கூலி. சனவரி வாக்கில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை எண்கள் மட்டும் மாறும். தலைப்பு வரிசையும் கோடுகளும் அப்படியே இருக்கும். அனுமந்தையில் நான் லே-அவுட் செய்யும் மேசையில், அடோபி இன்டிசைனின் டேபிள் ஸ்டைலைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

தமிழ்நாட்டு டிடிபி கடைகள் வளர்ந்தது பேஜ்மேக்கரில். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அது நின்றுபோனது. அதில் அட்டவணைக்குத் தனி மென்பொருளைத் திறக்க வேண்டியிருந்தது. பலர் டேப் தட்டி, கோடு இழுத்துச் சமாளித்தார்கள். ஒரு காலத்தை (நெடுவரிசையை) அகலமாக்கினால் எல்லாக் கோட்டையும் நகர்த்த வேண்டியிருந்தது. இன்டிசைனில் டேபிள் ஸ்டைலும் செல் ஸ்டைலும் 2007-இல் சிஎஸ்3 பதிப்பில் வந்தன. இன்றைக்கும் நம் கடைகளில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

காரணம், பலரும் மேலிருந்து தொடங்குகிறார்கள். இது கீழிருந்து கட்ட வேண்டிய வேலை. முதலில் பாரா ஸ்டைல்: எழுத்துரு, அளவு, வரி இடைவெளி. அதன்மேல் செல் ஸ்டைல்: உள் ஓரம், கோடு, பின்னணி நிறம், எந்தப் பாரா ஸ்டைல் என்பதையும் இதில்தான் சொல்ல வேண்டும். கடைசியில் டேபிள் ஸ்டைல். அது தலைப்பு வரிசை, உடல் வரிசை, அடி வரிசை, இடது காலம், வலது காலம் என்று ஐந்து இடங்களுக்கு எந்தச் செல் ஸ்டைல் என்று கேட்கும். இடது காலத்துக்குப் பாத்தி எண் ஸ்டைல், வலது காலத்துக்குக் கூலி ஸ்டைல் என்று கொடுத்தேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு வெளிர் நிறமும் இதிலேயே கொடுக்கலாம்; நடுவில் ஒரு வரிசையைச் செருகினாலும் நிறம் தானே சரியாகிவிடும்.

தமிழுக்கு ஒரு கட்டாயம் உண்டு. பாரா ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 'கொள்முதல்' என்ற தலைப்பில் கொம்பு இடம் மாறி நிற்கும். அதை ஒவ்வொரு செல்லிலும் போய் மாற்றாமல் பாரா ஸ்டைலிலேயே வைத்துவிட்டால், அட்டவணை எத்தனை வந்தாலும் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டிகிரி காலத்தில் செய்த ஒரு வேலை. 25 டிகிரி வாக்கில் உப்பு படியத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் மக்னீசியம் சேர்ந்து கசப்பேறும், அந்த நீரை வெளியேற்ற வேண்டும். கணக்கைப் பார்ப்பவர் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான். எண்ணைப் பார்த்துச் செல்லின் நிறத்தை மாற்ற இன்டிசைனுக்குத் தெரியாது. ஆனால் பாரா ஸ்டைலுக்குள், குறித்த வடிவில் வரும் எழுத்துகளுக்குத் தானே ஸ்டைல் போடும் கிரெப் ஸ்டைல் உண்டு. 2-க்குப் பின் 5 முதல் 9 வரை எது வந்தாலும் பச்சைத் தடித்த எழுத்து, 3-இல் தொடங்கும் ஈரிலக்கம் சிவப்பு என்று எழுதினேன். எண்ணைத் தட்டியதும் நிறம் மாறுகிறது. தசம டேப்பையும் அதே பாரா ஸ்டைலில் வைத்தால், செல்லுக்குள் டேப் தட்டாமலே 24.5-உம் 9.5-உம் புள்ளிக்கு நேர் புள்ளியாக நிற்கும்.

குறைகள் சிறியவை அல்ல. காலத்தின் அகலமும் வரிசையின் உயரமும் எந்த ஸ்டைலிலும் சேராது. எத்தனை வரிசை தலைப்பு என்பதும் சேராது. 'கன்வெர்ட் டு ஹெடர்' ஒவ்வொரு முறையும் கையால்தான். இடது, வலது தவிர நடுக் காலங்களுக்குத் தனி இடம் இல்லை. அதனால் என் டிகிரி காலத்துக்குச் செல் ஸ்டைலை நானே தேர்ந்தெடுத்துப் போட வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அடோபி இதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

அடுத்த மாதக் கோப்புக்கு இதே ஸ்டைலைக் கொண்டுபோவது எளிது. டேபிள் ஸ்டைல்ஸ் பேனல் மெனுவில் 'லோட் டேபிள் அண்ட் செல் ஸ்டைல்ஸ்' கொடுத்துப் பழைய கோப்பைக் காட்டினால் போதும். மாதக் கோப்புகளை ஒரே புக் கோப்பில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது: ஸ்டைல் சோர்ஸாக வைத்த கோப்பில் திருத்தி 'சிங்க்ரனைஸ்' கொடுத்தால் மற்றவையும் மாறும். எக்ஸெல் கணக்கைக் கொண்டுவரும்போது இம்போர்ட் ஆப்ஷன்ஸில் 'அன்ஃபார்மேட்டட் டேபிள்' கொடுங்கள். அங்கேயே உங்கள் டேபிள் ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸெல்லோடு லிங்க் வைத்திருந்தால், அப்டேட் செய்யும்போது இன்டிசைனில் செய்த திருத்தங்கள் போய்விடும். திருத்தத்தை எக்ஸெல்லிலேயே செய்வது நல்லது.

காசில்லாமல் வேலை முடிய வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஸ்டைல் மேனேஜரில் டேபிள், செல் ஸ்டைல்களும் உண்டு. ஆனால் அட்டவணை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஓடாது.

மாதம் ஒரு பக்கக் கணக்கு அச்சடிப்பவருக்கு ஸ்கிரைபஸ் போதும். சந்தா கட்ட வேண்டாம். பருவம் முழுவதற்கும் புத்தகம் போடுபவர், எக்ஸெல்லில் கணக்கு வாங்குபவர், இன்டிசைனுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். எதை எடுத்தாலும் முதல் மாதத்திலேயே பாரா ஸ்டைலில் தொடங்கிக் கட்டிவிடுங்கள்.