நாளுக்கு ஆட்பட்டோர்: நிலையாமைச் சொற்கள் பற்றிய ஒரு குறிப்பு

நிலையாமை பற்றி நம் அறநூல்கள் கூறுவன மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான உண்மைகள் என்பது நீண்டகாலமாக நிலவிவரும் கருத்தாகும். குறுவாழ்வினைச் சுட்டும் சொற்களின் பிறப்பை ஆராயுமிடத்து இப்பொதுமை ஐயத்துக்குரியதாகிறது.

கிரேக்க மொழியின் 'எஃபேமெரொஸ்' என்பதை முதலில் நோக்குவோம். 'எபி' (மேல்), 'ஹேமெரா' (நாள்) ஆகிய இரண்டின் கூட்டு அது. ஹிப்பானிஸ் ஆற்றங்கரையில் ஒருநாள் மட்டும் வாழும் சிறகுள்ள உயிரொன்று இப்பெயரால் வழங்கியதை அரிஸ்டோட்டில் தம் விலங்கியல் நூலிற் குறிப்பிடுகிறார். ஒருநாட் காய்ச்சலும் இப்பெயர் பெற்றது. ஆயின் கவிஞர் மனிதரை இச்சொல்லாற் சுட்டியபோது கருதியது ஆயுளின் குறுக்கத்தையா? அன்று என 1946இல் ஹேர்மன் ஃபிராங்கல் வாதிட்டார். ஒவ்வொரு நாளும் கொணரும் மாற்றத்துக்கு ஆட்பட்டவன் என்பதே மூலப்பொருள் என்பது அவர் முடிபு. இதனை மறுத்தோரும் உளர். எனினும் பிண்டாரின் எட்டாம் பித்தியப் பாடலுக்கு இவ்விளக்கமே பொருந்துகிறது. கி.மு. 446இல், அயீஜினாத் தீவின் மல்லன் ஒருவனது வெற்றிக்காகப் பாடப்பெற்றது அது. அத்தீவு சுமார் பத்தாண்டுகளுக்கு முன்னரே ஏதென்சுக்கு அடிபணிந்து திறை செலுத்தத் தொடங்கியிருந்தது. அதிகாரம் கைநழுவக் கண்ட உயர்குடியினரின் அச்சமே மனிதர் அனைவரதும் இயல்பாகப் பொதுமை பெற்றது எனலாம்.

கிரேக்க இலக்கியத்தை இவ்வாறு சமூகத்தோடு இணைத்து நோக்க வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன். அவரிடம் ஆய்வு செய்த கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டதும் (1968) இவ்வழியிலேயாகும். அதே ஒப்பீட்டை நிலையாமைக்கும் நீட்டுதல் தகும்.

'நிலையாமை', 'நில்' என்னும் வினையடியாகப் பிறந்த எதிர்மறை. நிற்குமெனக் கருதியது நில்லாது போதலையே அது கூறுகிறது. ஆகவே ஒன்றை உடையவனுக்கே அது இழப்பாகும். மதுரைக்காஞ்சி 782 அடிகளில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை விளித்தே நிலையாமையைப் பேசுகிறது. அதன் பெரும்பகுதியை நிரப்புவனவோ அவனது வெற்றியும் நாட்டுவளமும் மாநகரின் அங்காடிகளுமே. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என்ற வரிசையில் மூன்று அதிகாரங்களைத் தொடக்கத்திலேயே வைக்கிறது. உடம்பினும் செல்வம் முந்திக்கொண்டமை தற்செயலாகத் தோன்றவில்லை. நிலையாமை கொடையை வற்புறுத்தியதன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையே, ஆனால் அப்போதும் அது கொடுப்பவனை நோக்கியே பேசிற்று, பெறுபவனை நோக்கியன்று.

உழைப்போர் வழக்கில் வேறொரு சொல் உண்டு: 'அன்றாடங்காய்ச்சி'. அன்றன்று பெறும் கூலிக்கு அன்றன்றே உலையேற்றுபவர் என்பது பொருள். ஃபிராங்கல் கண்ட பொருளுக்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் இதுவே. உயர் இலக்கியம் இதனைக் கலைச்சொல்லாக ஏற்கவில்லை. இழப்பின் துயரம் இதில் இல்லை. இழப்பதற்கு முதலில் இருப்பு வேண்டுமே! ஈழத்து மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலை முழுமையாகக் கணிக்கப்படின் அது ஒரு 'பேர்'. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மாலையில் தராசு காட்டுவதைப் பொறுத்து, அன்றைய பேர் முழுதாகவோ பாதியாகவோ செக்ரோலிற் பதியப்படுகிறது.