பெட்டி மூடியில் ஊர்

தாத்தாவின் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். பச்சைச் சாயம் உதிர்ந்துவிட்டது. மூடியில் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது. தலைப்பெழுத்து, பெயர், ஊர்.

1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு இப்படி எத்தனை பெட்டிகள் வந்திறங்கின! துறைமுகக் கூட்டத்தில் அவரவர் பெட்டியை அடையாளம் காண எழுதியது. எழுதியவர் கை தேர்ந்த கை. ஊர்ப்பெயரில் வரும் ‘ழ’வின் சுழியைப் பாருங்கள், தூரிகை ஓரிடத்திலும் தயங்கவில்லை.

என் மலேசிய அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்பதற்குப் பின் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஊர் இல்லை. அது இந்த மூடியில் மட்டும்தான்.

கீல் இன்னும் இலகுவாகத் திரும்புகிறது. உள்ளே அந்துருண்டை வாசம். கடைத்தெருவில் வாங்கிய வேட்டி ஒன்று, மடிப்புக் கலையாமல்.